ஆறு நாள் கணக்கு

சமயத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை. பிள்ளைகளின் படிப்பு, பரீட்சை, வீட்டுச் செலவு என்றே இடம் நிறைந்துவிடுகிறது. ஆனால் அண்மையில் கிறிஸ்தவக் குடும்பத்துத் தாய்மார் இரண்டு மூன்று பேர் ஒரே மாதிரியான கவலையைச் சொன்னார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டுக்கு வந்து, "பூமிக்கு வயது 450 கோடி ஆண்டு என்று படிக்கிறோம், சபையில் ஆறாயிரம் ஆண்டு என்கிறார்கள். இதில் எதும்மா பொய்?" என்று கேட்கிறானாம். ஜெபக்கூட்டத்தில் விசாரித்தால், "ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான். அது பொய் என்றால் வேதம் முழுவதும் பொய். எது வேண்டும் என்று நீயே முடிவு செய்துகொள்" என்று பதில் வருகிறதாம்.

பிள்ளை முடிவு செய்துகொள்வான். அதுதான் கவலை. பள்ளிக்கூடத்தில் லங்காவிக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். அங்கே மாச்சின்சாங் மலைப் பாறைக்கு வயது சுமார் 50 கோடி ஆண்டு என்று கேள்விப்படுகிறான். கல்லில் உள்ள யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறுவதைக் கொண்டு கற்களின் வயதைக் கணக்கிடும் முறையையும் பின்னால் படிக்கிறான். கணக்குச் சரியாக வருகிறது. அப்போது அவன் கைவிடுவது ஆறு நாளை மட்டுமா? மலைப்பிரசங்கத்தையும் நல்ல சமாரியனையும் சேர்த்தல்லவா தூக்கிப் போடுவான்! இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிக் கொடுத்தவர்கள் பெரியவர்கள்தானே?

முதலில் அந்த ஆறாயிரத்தைப் பார்ப்போம். வேதத்தில் எங்கும் அந்த எண் இல்லை. அயர்லாந்து நாட்டில் ஜேம்ஸ் அஷர் என்ற பேராயர் இருந்தார். பெரிய படிப்பாளி. ஆதாம் முதல் வந்த பிதாக்களின் வயதையும் அரசர்களின் ஆட்சிக் காலத்தையும் கூட்டிக் கழித்து, உலகம் உண்டானது கி.மு. 4004, அக்டோபர் 23 என்று 1650இல் எழுதினார். 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த ஆண்டை அச்சிட்டார்கள். அச்சில் பார்த்துப் பார்த்து, அது ஒரு மனிதர் போட்ட கணக்கு என்பதே மறந்துபோயிற்று. கிராணியார் பென்சிலில் எழுதிய ஓரக்குறிப்பு நாளடைவில் துரையின் உத்தரவாகிவிடுவதைத் தோட்டத்தில் நாம் பார்த்ததில்லையா?

பழைய சபைப் பெரியவர்கள் இப்படி நினைக்கவில்லை. சூரியன் உண்டானதே நான்காம் நாள் என்றால் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் கேட்டார். வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீனார் ஆதியாகமத்துக்குப் பெரிய விளக்கமே எழுதினார். அந்த ஆறு நாளை நம்முடைய 24 மணி நேர நாளாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றும் எச்சரித்தார். வானத்தையும் பூமியையும் பற்றி நன்றாகத் தெரிந்த பிற சமயத்தார் ஒருவர் முன்னால், ஒரு கிறிஸ்தவர் வேதத்தைக் காட்டி அதே விஷயத்தில் தவறாக உளறினால், கேட்பவர் சிரிப்பார். பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை அவர் எப்படி நம்புவார் என்பதே அவருடைய கவலை. டார்வின் பிறப்பதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் எழுதியது இது!

அவர் பயந்தது அமெரிக்காவில் கண்முன்னே நடந்தது. 1925ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தான் என்று அரசாங்கப் பள்ளியில் கற்பிக்கக்கூடாது என்பது சட்டம். டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் மீது வழக்கு. (ஊருக்குப் பேரும் வியாபாரமும் வரும் என்று கடைக்காரர்களே முன்நின்று ஏற்பாடு செய்த வழக்கு என்பது வேடிக்கை!) அரசுத் தரப்பில் வந்து நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர். ஆனால் விவசாயிகளுக்காகவும் பெண்களின் ஓட்டுரிமைக்காகவும் குரல் கொடுத்த மனிதர். எதிர்த்தரப்பில் கிளாரன்ஸ் டாரோ என்ற பெயர்பெற்ற வழக்கறிஞர்.

ஜூலை 20ஆம் தேதி நீதிமன்றத்தை வெளியே புல்வெளிக்கு மாற்றிவிட்டார்கள். டாரோ பிரையனையே சாட்சியாக நிறுத்தினார். யோனாவை மீன் விழுங்கியது எப்படி, காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள், ஜலப்பிரளயம் எந்த ஆண்டு என்று சுமார் இரண்டு மணி நேரம் கேள்விகள். கடைசியில் பிரையனே, படைப்பின் நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். வழக்கில் பிரையன் தரப்பு ஜெயித்தது. பத்திரிகைகளில் கிறிஸ்தவம் கேலிப் பொருளாயிற்று. தீர்ப்பு வந்து ஐந்தாம் நாள் பிரையன் இறந்துபோனார். 1927இல் மேல்நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்தது. சட்டம் மட்டும் 1967 வரை இருந்தது.

இதில் என் மனத்தை உறுத்துவது வேறொரு விஷயம். ஸ்கோப்ஸ் வகுப்பில் இருந்த பாடப்புத்தகத்தில் பரிணாமம் மட்டும் இருக்கவில்லை. மனித இனங்களை ஐந்தாகப் பிரித்து, வெள்ளையரை உச்சியில் வைத்திருந்தது. 'தரம் குறைந்த' குடும்பங்கள் பிள்ளை பெறாமல் தடுப்பது நல்லது என்ற எண்ணமும் அதில் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தைப் பற்றிப் பாட்டன் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அடுக்கு புரியாததா? வலுத்தவன் இளைத்தவனை நசுக்குவது இயற்கை என்று ஆகிவிடுமே என்றுதான் பிரையனும் பயந்தார். அது நியாயமான பயம். 'மனிதர் எல்லாரும் தேவனுடைய சாயல்' என்று அதே ஆதியாகமம் சொல்வதைப் பிடித்துக்கொண்டு அந்த அடுக்கோடு அவர் மோதியிருக்கலாம். இன்றைய மரபணு ஆராய்ச்சியும், ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே மனிதக் குடும்பம் நாம் என்கிறது. அந்த அடுக்குக்கு இப்போது அறிவியலில் இடமில்லை. பிரையனோ ஜெயிக்க வேண்டிய சண்டையை விட்டுவிட்டு, மீன் வயிற்றுக்கும் காயீன் மனைவிக்கும் பதில் சொல்லிக்கொண்டு நின்றார்.

எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்களை நான் கேலி செய்யவில்லை. தோட்டம் விற்கப்பட்டு, லயத்தை விட்டு வெளியேறி, பட்டணத்து அடுக்குமாடியில் முகம் தெரியாதவர்கள் மத்தியில் குடியேறிய குடும்பத்துக்கு, மாறாத ஒரு சொல் கையில் இருப்பது பெரிய ஆறுதல். சபைதான் அவர்களைத் தேடி வந்து கதவைத் தட்டுகிறது. அந்த ஆறுதலை ஒரு கி.மு. ஆண்டின் மேல் கட்டி வைப்பானேன் என்பதுதான் என் கேள்வி.

இந்த விஷயம் நம் வாசலுக்கும் தூரமில்லை. டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854இல் சிங்கப்பூருக்கு வந்தார். புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுக் கத்தோலிக்க மிஷனரியின் வீட்டில் தங்கி, இரண்டே மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். அதே ஆண்டு மலாக்காவுக்குப் போய் ஒபிர் மலை என்ற குனோங் லேடாங்கில் ஏறினார். மறு ஆண்டு சரவாக்கில் உட்கார்ந்து, புதிய உயிரினம் ஒவ்வொன்றும் தன்னை ஒத்த முந்தைய இனத்தை ஒட்டியே தோன்றுகிறது என்று கட்டுரை எழுதினார். அவருக்கு இடம் கொடுத்ததனால் அந்த மிஷனரியின் கோயில் இடிந்துவிடவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் பரிணாமத்தால் வந்ததா என்று ஆராயத் தடையில்லை என்றார். 1996இல் இரண்டாம் ஜான் பால், அது வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது என்றே சொன்னார். பேரண்டம் ஒரு சிறு புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கருத்தைத் தந்த ஜார்ஜ் லெமைத்ர் பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குரு. 1951இல் போப் இதைப் படைப்புக்குச் சாட்சி போலப் பேசியபோது, அவருக்கே அது பிடிக்கவில்லை. அறிவியல் நாளைக்கு மாறலாம். விசுவாசத்தை அதில் முட்டுக் கொடுத்து நிறுத்தக்கூடாது என்பது அவர் நிலை.

தாய்மாருக்கு ஒரு யோசனை. பிள்ளையைக் கூட உட்கார வைத்து ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் நிதானமாக வாசியுங்கள். முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதன். இரண்டாவதில் மனிதன் தனியாக இருக்கிறான். அதன் பிறகுதான் மிருகங்கள் உருவாக்கப்பட்டு அவனிடம் கொண்டுவரப்படுகின்றன. பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்த பழங்கால மனிதருக்கு இது கண்ணில் படாமலா இருந்திருக்கும் என்று அவனிடமே கேளுங்கள்.