அதட்டியவர்கள் யார்?

பங்கின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது அண்மைக் காலமாக ஒரு காட்சியைத் தவறாமல் காண்கிறோம். குழந்தையின் முன்னே கைப்பேசி ஒளிர்கிறது. தாய் பருப்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறாள். உண்பது இன்னதென்று அறியாமலே குழந்தை வாய் திறக்கிறது. அத்தகைய ஓர் இல்லத்தில் நாமும் கண்டித்தோம். அத்தாய் நிமிர்ந்து பார்த்து, “கொடுக்கக் கூடாதென்று எனக்கும் தெரியும் சாமி. அடுப்பில் உலை கொதிக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேறு யார் இருக்கிறார்?” என்றாள். அவள் கணவரோ கூடத்தில் நம் அருகே அமர்ந்து, நம் அறிவுரைக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

அறிவுரை பிழையன்று. இரண்டு வயது நிறையுமுன் குழந்தையைத் திரைமுன் அமர்த்த வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தை மிஞ்சலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வலியுறுத்தியது. பேசும் முகத்தைப் பார்த்தே மழலை சொல் கற்கிறது. ஆனால் சரியான அறிவுரையைத் தவறான ஆளிடம் கூறினோம். அதுவே நம் குற்றம்.

“அக்காலத்தில் எட்டுப் பிள்ளைகளை வளர்க்கவில்லையா?” என்பர் பெரியோர். வளர்த்தார்கள், தனியாக அல்ல. பாட்டி இருந்தார், அத்தை இருந்தார், அடுத்த வீட்டுத் திண்ணை இருந்தது. பள்ளியை விட்டு நின்ற மூத்த பெண்ணின் இடுப்பும் இருந்தது. அவள் இழந்த படிப்பை எவரும் கணக்கில் வைப்பதில்லை. அந்தக் கைகள் எல்லாம் போயின. வேலை மட்டும் குறையவில்லை. பிறந்த குழந்தைக்கு இன்றும் ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பாலூட்ட வேண்டும். இரவிலும்தான்.

சட்டம் துணை நிற்கிறதே என்பர் சிலர். 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டத்தை 2017இல் திருத்தி, ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினர். வரவேற்கிறோம். ஆயினும் களையெடுக்கும் தாயும் கல் சுமக்கும் சித்தாளும் எந்த அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? விடுப்புப் பெற்றவளுக்குங்கூட, வீட்டில் துணைக்கு ஒரு கையைச் சட்டம் தந்துவிடுமா?

நம் ஆலயத்திற்கே வருவோம். திருப்பலியில் குழந்தை அழுதால் பத்துத் தலைகள் திரும்புகின்றன. பீடத்திலிருந்து நாமும் முறைத்ததுண்டு. தாய் வெளியே மரத்தடிக்குப் போகிறாள்; தந்தை முழுப் பூசை காண்கிறார். திருமுழுக்கின்போது, பெற்றோரின் கடமையில் உதவத் தயாரா என்று ஞானப்பெற்றோரிடம் கேட்கிறோம், தயார் என்கிறார்கள். அதன்பின் ஒரு மாலைப்பொழுதாவது அப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டவர் எத்தனை பேர்?

மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசிப்போம். சிறு பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர் அதட்டினர். ஆண்டவர் சினங்கொண்டது கொண்டுவந்தவர்கள்மீது அன்று, அதட்டியவர்கள்மீதே. பின்பு அவர் மறையுரை ஆற்றியதோடு நிற்கவில்லை. பிள்ளைகளைக் கைகளில் எடுத்து அணைத்துக்கொண்டார்.

ஆகவே, கைப்பேசியைக் கீழே வை என்று தாயிடம் சொல்லுமுன், பிள்ளையை வாங்கிக்கொள்ள நம் கைகளை நீட்டுவோம். தந்தையர் இன்றிரவுச் சோற்றிலிருந்தே தொடங்கட்டும்.