சாயத் தண்ணீர் எங்கே போகிறது?



பரந்தனில் மாதர் சங்கக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "பிள்ளை, இப்ப எல்லாத்தையும் மெசின் செய்யுதாம். அப்ப ஊத்தைத் தண்ணியும் குறையுமோ?" அவருடைய மகள் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். தையலில் கழிவுநீர் குறைவு. துணிக்குச் சாயம் போடும் இடத்தில்தான் சிக்கல்.

தமிழ்நாட்டில் திருப்பூரில் சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கே உதவாமல் போனது. கிணறுகளும் உப்பாகின. திறந்த தொட்டிகளுக்குப் பதிலாக மூடிய இயந்திரங்கள் வந்தன. அவை சாயத்தை அளந்து போடும், தண்ணீரும் குறைவாகவே எடுக்கும். ஆனால் துணியின் அளவு கூடிக்கொண்டே போனது; ஆறு தப்பவில்லை. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பவும் பாவிப்பது இறுக்கமாக நடைமுறைக்கு வந்தது. அப்போதும் மிஞ்சும் உப்பை எங்கே போடுவது என்ற தலையிடி தீரவில்லை. (மெசினால் வேலை குறைவதைப் பற்றி இன்னொரு மாதம் பேசுவோம்.)

"மெசின் குறைக்கும் அக்கா, ஆனால் கேட்க ஆள் இருந்தால்தான்" என்றேன்.

"எங்கட கிணத்துக்க வந்தால் ஆரிட்டைக் கேக்கிறது?"

கழிவு வெளியேற்றும் தொழிற்சாலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். முறைப்பாட்டை எழுத்தில் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்குக் கொடுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.