உடம்பு தாங்கும், எத்தனை மணித்தியாலத்துக்கு?

"தீவுப்பக்க ஆக்களின்ர உடம்பு இரும்பு, அவையளுக்கு ஒரு வருத்தமும் வராது" எண்டு யாழ்ப்பாணத்தில் சிலர் சொல்லுவினம். கேட்கப் பாராட்டு மாதிரித்தான் இருக்கும். எனக்கு அது ஆபத்தான பாராட்டாகப் படுகிறது.

உடம்புக்குள் ஒரு காவல் இருப்பது உண்மை. தடுப்பூசி போடாமல், நோயும் வராமல், முன்கூட்டியே குருதியில் சுற்றித் திரியும் இயற்கைப் பிறபொருளெதிரிகள்தான் அவை. குருதி வகையை எடுங்கோ: ஓ வகைக்காரருக்கு ஒருநாளும் பிறர் குருதி ஏற்றாவிட்டாலும், ஏ, பி வகைகளுக்கு எதிரானவை அவரிடம் இருக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை ஐஜிஎம் வகை. ஒவ்வொன்றுக்கும் பத்துக் கைகள். ஒரு கையின் பிடி தளர்வு. பல கை சேர்ந்து பிடித்தால் பற்றீரியா தப்புவது கஷ்டம். பிறகு குருதியிலுள்ள வேறு புரதங்கள் வந்து சேர்ந்து சில பற்றீரியாக்களில் ஓட்டை போடும்; மற்றவற்றை வெண்குருதிக் கலங்கள் விழுங்க வழிசெய்யும். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், ஐஜிஎம் சுரக்க முடியாத எலிகள் குடற்கிருமித் தொற்றில் கூடுதலாக இறந்தன. சாதாரண எலிகளின் ஐஜிஎம்மைக் கொடுத்தபோது பிழைத்தவை கூடின.

ஆனால் இது தீவாருக்கு மட்டும் கிடைத்த வரம் இல்லை, கொழும்பிலுள்ளவருக்கும் இருக்கு. அதோட, இந்தக் காவல் வாங்கித் தருவது கொஞ்ச நேரம்தான். வந்த கிருமிக்கென்றே பிறபொருளெதிரி போதியளவு உருவாக ஒரு கிழமையளவு செல்லும். அதுக்கிடையில் கிருமி முந்தினால் மருந்துதான் வேணும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களை எடுத்தது. அதுவும் பற்றீரியாதான். நேரத்துக்கு அன்ரிபயோற்றிக் தொடங்கினால் பெரும்பாலும் சுகமாகும். சுணங்கினால் சிறுநீரகம், நுரையீரல் வரை பாதிக்கும்.

ஊர்காவற்றுறையில் இருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி இருக்கு. நயினாதீவாரும் நெடுந்தீவாரும் குறிகட்டுவானுக்குப் படகேற வேணும். நெடுந்தீவில் இருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. உடம்பு போராடி மிச்சம் பிடித்த நேரத்தை நாங்கள் இறங்குதுறையில் செலவழிக்கிறம்.

எந்நேரமும் புறப்படக்கூடிய நோயாளர் படகு, தீவிலேயே தங்கும் வைத்தியர், கையிருப்பில் மருந்து. இதைக் கேட்கேக்க "உங்கட உடம்பு தாங்கும்" எண்டு ஆராவது சொன்னால், எத்தனை மணித்தியாலத்துக்கு எண்டு திருப்பிக் கேளுங்கோ.