மைதானத்துக்கும் வரட்டும் சத்துணவு

பனிச்சறுக்கு நெடும்பந்தயத்தில் ஒரு விதி உண்டு. பாதையில் எந்த இடம் மிகவும் குளிர்ந்திருக்கிறதோ அங்கே வெப்பநிலையை அளக்கிறார்கள். அது மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிட்டால் போட்டி தள்ளிவைக்கப்படும். இல்லையேல் ரத்து செய்யப்படும். பரிசு வழங்க யார் வந்து அமர்ந்திருந்தாலும் சரி, தொலைக்காட்சி நேரலை காத்திருந்தாலும் சரி, அந்த முடிவை எடுப்பது நடுவர் குழுதான். வீரரின் உடல் தாங்கக்கூடிய எல்லை எதுவென்று விதிப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்வீடனில் 1922 முதல் நடந்துவரும் வாசலோப்பெட் பந்தயத்தின் நீளம் 90 கிலோமீட்டர். பதினைந்தாயிரம் பேருக்கு மேல் சறுக்கும் அந்தப் பாதையில் ஏழு உணவு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே சூடாகக் கொடுக்கப்படும் நீலநெல்லிச் சாறு அந்நாட்டில் பந்தயத்தைப் போலவே பெயர்பெற்றது. புறப்படும் இடத்தில் வீரர்கள் கழற்றிப்போடும் கம்பளி உடைகளைப் பையில் கட்டி, முடியும் ஊருக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். வியர்வையில் நனைந்த உடம்போடு வந்து சேர்பவர் குளிரில் நிற்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. உபசாரத்துக்காக இதைச் செய்வதில்லை. இது இல்லாவிட்டால் அங்கே பந்தயமே நடத்த முடியாது.

நம் தூத்துக்குடி மாவட்டத்துப் பள்ளிப் போட்டிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. அவர்களுக்குக் குளிர், நமக்கு வெயில். உடல் தாங்கும் எல்லை இரண்டிலும் உண்டு. அவர்கள் அந்த எல்லையை எழுதிவைத்திருக்கிறார்கள், நாம் எழுதவில்லை.

பந்தயத்துக்கு முன்பே தோற்கும் பிள்ளைகள்

விளாத்திகுளத்துக்கு ரயில் வசதி கிடையாது. புதூர், நாகலாபுரம், சூரங்குடி, வேம்பார் என்று கரிசலிலும் கடற்கரையிலும் சிதறிக்கிடக்கும் கிராமங்களின் பிள்ளைகள் குறுவட்டப் போட்டியில் வென்றால் அடுத்து வருவாய் மாவட்டப் போட்டி. அது தூத்துக்குடியிலோ கோவில்பட்டியிலோ நடந்தால், காலை அணிவகுப்புக்குள் போய்ச் சேர விடியுமுன் எழுந்தாக வேண்டும். ஊரிலிருந்து ஒரு பேருந்து, விளாத்திகுளத்தில் இறங்கி இன்னொரு பேருந்து. கையில் இருப்பது ஒரு தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பொட்டலமும்தான். பேருந்துக் கட்டணத்தைப் பல பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியரே கைக்காசாகப் போடுகிறார்.

மைதானத்துக்கு வந்தபின் நடப்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. சிறப்பு விருந்தினர் வரும்வரை வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். பத்து மணிக்கு என்று சொன்ன 1,500 மீட்டர் ஓட்டம் பகல் ஒரு மணிக்குத் தள்ளிப்போகும். எலுமிச்சை சாதப் பொட்டலம் ஓட்டத்துக்குச் சற்று முன்பு வந்தால், சாப்பிட்டுவிட்டு ஓடுவதா, பசியோடு ஓடுவதா என்று பதினான்கு வயதுப் பிள்ளை தானே முடிவு செய்ய வேண்டும். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்காது, அல்லது உள்ளே தண்ணீர் இருக்காது. அதற்குப் பயந்து பல பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள்.

இதன் விலை என்ன என்பதை உடலியல் சொல்லும். உடல் எடையில் இரண்டு சதவீத அளவுக்கு நீர் குறைந்தாலே நெடுந்தொலைவு ஓடும் திறன் குறையத் தொடங்கிவிடும். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 900 கிராம். ஒரு லிட்டர் தண்ணீர்கூட இல்லை. காலையிலிருந்து குடிக்காமல் வெயிலில் நின்ற பெண், ஓட்டம் தொடங்கும் முன்பே அந்த அளவை இழந்திருக்கக்கூடும். பக்கத்துத் தடத்தில் நிற்கும் நகரத்துப் பள்ளி மாணவி சொந்த வாகனத்தில் வந்து, நிழலில் உட்கார்ந்திருந்து, வேளைக்குச் சாப்பிட்டவள். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டு, இது சமமான போட்டி என்கிறோம்.

நூறில் ஒரு விநாடி

இது சிற்றூர்ப் பிள்ளைகளின் குறை மட்டுமா? 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்ட இறுதிப் போட்டியில் பி.டி.உஷா 55.42 விநாடிகளில் ஓடினார். மூன்றாம் இடம் பிடித்த ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. நூறில் ஒரு விநாடியில் வெண்கலம் கைநழுவியது. அங்கே தனக்கு ஏற்ற சத்தான உணவு கிடைக்காமல், கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட வேண்டியிருந்ததையும், கடைசி சில மீட்டர்களில் அது தன்னைப் பாதித்ததையும் பின்னாளில் அவரே பேட்டியில் சொன்னார். இன்று அவர்தான் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடிய ஓ.பி.ஜெய்ஷா, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். வழியில் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட மேசைகளில் தண்ணீர் கொடுக்க ஆளே இல்லை என்றார் அவர். தனக்கென்று பானம் வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார் என்றது தடகளச் சம்மேளனம். யார் சொன்னது சரி என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். மாரத்தான் ஓடும் ஒருவருக்குத் தண்ணீர் கொடுப்பதை, அவர் கேட்டாரா இல்லையா என்ற கேள்விக்கு உட்படுத்தும் ஏற்பாடு என்ன ஏற்பாடு?

2022 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரில், 17 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான மாநில கபடிப் போட்டியில், வீராங்கனைகளுக்கான சோறு கழிப்பறையில் வைத்துப் பரிமாறப்பட்டது. காணொளி வெளியானதும் மாவட்ட விளையாட்டு அதிகாரி இடைநீக்கம் செய்யப்பட்டார். காணொளி வெளிவராமல் போன ஊர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் கிராமத்தில் அறைகள் புழுக்கமாக இருந்தன என்றதும், இந்திய அணிக்கு 40 குளிர்சாதனக் கருவிகளை வாங்கிக் கொடுத்தது ஒன்றிய அரசு. நல்ல காரியம். அந்த வேகத்தில் ஒரு பங்கு மாவட்ட மைதானத்தின் குடிதண்ணீர்த் தொட்டிக்கும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

முடியாது என்பது உண்மை இல்லை

பணம் எங்கே என்று கேட்கலாம். தமிழ்நாடு அந்தக் கேள்விக்குப் பலமுறை விடை சொல்லியிருக்கிறது. 2022-ல் ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்ட செஸ் ஒலிம்பியாட், சில மாத அவகாசத்தில் மாமல்லபுரத்தில் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகளுக்குத் தங்குமிடம், பேருந்து, உணவு, மருத்துவம் எல்லாம் குறைவில்லாமல் கிடைத்தன. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு நகரங்களில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளை நடத்தி, பதக்கப் பட்டியலில் இரண்டாம் இடமும் பிடித்தோம். 12,525 ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் வழங்கும் திட்டமும் அந்த ஆண்டே தொடங்கியது. ஏற்பாடு செய்யும் திறமை நம்மிடம் இருக்கிறது. அது மாநிலத் தலைநகரிலிருந்து குறுவட்டம்வரை இறங்கி வரவில்லை.

கஷ்டப்பட்டு வந்தால்தான் பிள்ளைக்கு வெறி வரும், வசதி கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு தவறு. வறுமையைத் தாண்டி வென்ற ஒருவரை மட்டும் நாம் பார்க்கிறோம். அதே வறுமையில் முதல் மாவட்டப் போட்டியோடு ஓட்டத்தை விட்டுவிட்ட நூறு பேரை எண்ணுவதில்லை. பயிற்சியில் படும் கஷ்டம் உடலை வளர்க்கும். போட்டி நாளில் தண்ணீர் இல்லாத கஷ்டம் உடலைக் கெடுக்கும். இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்ற நம்பிக்கையில்தான் குளியாள் கடலுக்குள் இறங்கினார். மூச்சு அவருடையது, மேலே ஏறிவரும் வழி மற்றவர் கையில் இருந்தது. விளையாட்டிலும் ஏற்பாடு என்பது அந்தக் கயிறுதான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, உணவு. மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் காமராஜர் தொடங்கிவைத்தது விளாத்திகுளத்துக்குப் பக்கத்து ஊரான எட்டயபுரத்தில். பசித்த பிள்ளை படிக்க முடியாது என்ற எளிய உண்மையை இந்த மண்ணில் நின்று அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால், இன்று பள்ளியில் இருந்தால் சத்துணவு கிடைக்கும் பிள்ளைக்கு, பள்ளிக்காக ஓடப்போகும் நாளில் அது உறுதியில்லை. சத்துணவு பிள்ளையின் பின்னால் மைதானத்துக்கும் போக வேண்டும். போட்டி நடக்கும் ஊரின் பள்ளிச் சமையல்கூடத்தில், வந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுதலாகச் சமைக்க முன்கூட்டியே அனுமதியும் பொருளும் கொடுத்தால் போதும். காலையில் வந்திறங்கியதும் இட்லி, ஓட்டங்களுக்கு இடையே வாழைப்பழம், கோவில்பட்டிக் கடலை மிட்டாய், உப்புப் போட்ட நீர்மோர். இதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டாம்.

இரண்டாவது, வெயில். கத்தார் தலைநகர் தோஹாவில் 2019 உலகத் தடகளப் போட்டியில், பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கியும் 68 பேரில் 28 பேர் ஓடி முடிக்கவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானைக் குளிர்ச்சியான சப்போரோ நகருக்கே மாற்றினார்கள். காற்றின் ஈரப்பதத்தையும் வெயிலின் தாக்கத்தையும் சேர்த்து அளக்கும் கருவியை வைத்துக் கால்பந்தில் தண்ணீர் குடிக்கக் கூடுதல் இடைவேளை விடுவதுண்டு. தூத்துக்குடியைப் போன்ற கடலோர மாவட்டத்துக்கு வெறும் வெப்பமானி போதாது. இந்த அளவீடுதான் பொருந்தும். எந்த அளவில் போட்டியை நிறுத்துவது என்று மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் கூடி வரையறுக்கட்டும். அதுவரை நெடுந்தொலைவு ஓட்டங்கள் காலை ஒன்பதுக்குள் முடியட்டும், அல்லது மாலை நான்குக்குப் பிறகு தொடங்கட்டும்.

வெப்ப மயக்கத்தில் விழுந்தவரை முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தின் பாலபாடம். முதல் அரைமணி நேரமே உயிரைத் தீர்மானிக்கும். அதற்கு ஒரு பெரிய தொட்டியும் பனிக்கட்டியும் போதும். பிடித்த மீன் கெடாமல் இருக்க நாள்தோறும் படகுகளில் ஐஸ் பார் ஏற்றும் கடற்கரை இது. மீனுக்குக் கிடைக்கும் பனிக்கட்டி, மயங்கி விழும் பிள்ளைக்குக் கிடைக்காது என்று எந்த வாயால் சொல்வோம்?

மூன்றாவது, கழிப்பறையும் உடைமாற்றும் அறையும். தாழ்ப்பாளும் தண்ணீரும் சானிட்டரி நாப்கினும் இல்லாத இடத்தில் பெண்கள் போட்டி நடத்த அனுமதிக்கக் கூடாது. நான்காவது, பயணம். நெடுந்தூரத்திலிருந்து வருபவர்கள் முதல் நாளே வந்து தங்கக் கொசுவலையோடு ஓர் அறை வேண்டும். திரும்பிப்போக இருட்டுவதற்குள் வாகனம் வேண்டும். ஆசிரியரின் சட்டைப்பையை நம்பிப் பயணப்படி இருக்கக் கூடாது.

ஐந்தாவதுதான் மற்ற நான்கையும் காப்பாற்றும். இவை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, போட்டிக்கு முன்பே எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும். மைதானத்தில் முதல் விசில் ஊதும் முன் தலைமை நடுவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். குறை இருந்தால் போட்டியைத் தள்ளிவைக்கும் அதிகாரமும், அப்படிச் செய்ததற்காக அவர்மீது நடவடிக்கை வராது என்ற உறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். விருந்தினர் வருவதற்குத் தாமதமானாலும் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தக் கூடாது என்பதும் அந்தப் பக்கத்தில் ஒரு வரியாக இடம்பெறட்டும்.

பள்ளிக் கல்வித் துறையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து, அடுத்த கல்வியாண்டின் குறுவட்டப் போட்டிகள் தொடங்கும் முன்பே இதை அரசாணையாகக் கொண்டுவர வேண்டும். அதுவரை பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை மணிக்கு ஓட்டம், எங்கே சாப்பாடு, கழிப்பறையில் தண்ணீர் இருக்கிறதா? பத்துப் பேர் கேட்டால் பதில் வரும். நூறு பேர் கேட்டால் ஏற்பாடு வரும்.