விரலுக்கேற்ற வீக்கம்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நம் இல்லத்தரசிகள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். அந்த அனுபவத்தினால் பற்றரியும், சார்ஜரும், கையாற் தூக்கத்தக்க ஜெனரேற்றரும் வாங்கி வைத்தோர் சிலர். எமது நண்பரும் அவர்களுள் ஒருவர். அவருடைய வயோதிப அன்னையார் ஆஸ்துமா நோயினர். நள்ளிரவில் மூச்சுத் திணறினால் நெபுலைசர் இயங்கியே ஆகவேண்டும். அதற்காகவே இந்த ஏற்பாடு.

விரைவில் மின்னேற்றலாம் என்றெண்ணி 40 அம்பியர் சார்ஜரையும், சிக்கனம் கருதி 650 வாற்று ஜெனரேற்றரையும் நண்பர் வாங்கியிருந்தார். இரண்டையும் இணைத்தபோது யந்திரம் முனகியது. சிறிது நேரத்தில் அதன் காப்புச் சுவிற்சு விழுந்துவிட்டது. "விற்றவன் ஏமாற்றிவிட்டான்" என்று நண்பர் சினந்தார். ஏமாற்றியது கடைக்காரரன்று, கணக்கே என்பதை நாம் காகிதத்திற் போட்டுக் காட்டினோம்.

சார்ஜரிற் குறிக்கப்பட்டுள்ள அம்பியர், பற்றரிக்குட் செல்லும் அளவாகும். 12 வோல்ற்றுப் பற்றரிக்கு மின்னேற்றும்போது ஏறத்தாழ 14.4 வோல்ற்று தேவை. ஆகவே 40 அம்பியருக்கு 576 வாற்று. சார்ஜர் வெப்பமாக இழப்பதையும் சேர்த்தால் சுமார் 720 வாற்று. இத்துடன் முடிந்ததா? சாதாரண சார்ஜர்கள் மின்னோட்டத்தைச் சீராக உறிஞ்சாமல் விட்டுவிட்டு இழுப்பதால், ஜெனரேற்றர் சுமக்கவேண்டியது 1,000 வோல்ற்று அம்பியரையும் தாண்டும். யந்திரத்தை முழுச் சுமையில் ஓட்டலாகாது. காற்பங்கு மிச்சம் வைத்தால் 1,400 வரை வேண்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரி கொடுத்த கதைதான்!

அப்படியாயின் பெரிய ஜெனரேற்றர் வாங்குவதா? வேண்டாம் என்றோம். நண்பருடைய பற்றரி 100 அம்பியர்-மணி கொள்ளளவுடைய ஈய அமில வகை. அதற்குப் பத்திலொரு பங்காகிய 10 அம்பியரே இதமானது. 10 அம்பியர் சார்ஜருக்கு அதே கணக்கைப் போட்டால் 350 வோல்ற்று அம்பியருக்குள் அடங்கும். இருக்கின்ற ஜெனரேற்றரே தாராளம். மாற்றவேண்டியது சார்ஜரைத்தான்.

பாதி தீர்ந்த பற்றரி இவ்வாறு ஐந்தாறு மணி நேரத்திற் பெரும்பாலும் நிரம்பிவிடும். எஞ்சிய சிறு பகுதி மிக மெதுவாகவே ஏறும்; அதற்காகப் பெற்றோலை எரிக்காது, மின்சாரம் மீண்டபின் நிரப்பிக்கொள்ளலாம். வாங்குமுன் சார்ஜரின் தகட்டிலுள்ள உள்ளீட்டு அளவையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று. அங்கே குறிக்கப்பட்டிருப்பின் இவ்வளவு கணக்கும் தேவையில்லை.

விடைபெறுமுன் இன்னொன்றையும் கவனித்தோம். ஜெனரேற்றர் விறாந்தையில், அன்னையாரின் அறை யன்னலுக்கருகே இருந்தது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமுமின்றி உயிரைக் குடிக்கவல்லது. மூச்சைக் காக்க வாங்கிய பொருள் மூச்சை நிறுத்தலாமோ? அன்றே அதை வெளி வளவில், கதவு யன்னல்களுக்கு வெகு தொலைவில் வைப்பித்தோம்.

விரலுக்கேற்ற வீக்கம் என்பர் நம் பெரியோர். பற்றரிக்கேற்ற சார்ஜர், சார்ஜருக்கேற்ற ஜெனரேற்றர் என்று நாமும் சொல்லி வைப்போம்.