செவிலியரைத் தண்டித்துக் கோப்பை மூடாதீர்கள்

மருத்துவமனையில் ஊசி மாறிப்போய் ஒரு தாயோ குழந்தையோ இறந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். உறவினர்கள் சாலையில் உட்காருவார்கள். மருத்துவத் துறையின் இணை இயக்குநர் காரில் வந்து இறங்குவார். பொழுது சாய்வதற்குள் பணியில் இருந்த செவிலியர் சஸ்பெண்டு செய்யப்பட்டிருப்பார். நிரந்தரப் பணியாளர் என்றால் ஒழுங்கு நடவடிக்கை விதி 17 பி-இன்படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். ஒப்பந்தச் செவிலியர் என்றால் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்ற வாய்ச்சொல்லே போதும். ‘நர்ஸ் அலட்சியத்தால் பலி’ என்று செய்தி வரும். ஒரு வாரத்தில் கோப்பு மூடப்படும். அதே வார்டில், அதே அலமாரியில், அதே இரண்டு ஆம்பூல்களும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருக்கும். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் அவற்றில் ஒன்றைத்தான் கையில் எடுக்கப்போகிறார்.

இந்த வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். ஒரு உயிர் போனதற்குப் பொறுப்பேற்க யாராவது ஒருவர் வேண்டும் என்பதற்காக, மருந்துச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவரைப் பிடித்துக் கொடுப்பது விசாரணை ஆகாது. மருந்தை வாங்கியவர், அதை அடுக்கியவர், தொலைபேசியில் அளவு சொன்னவர், ஒரு ஆளை மூன்று ஆள் வேலைக்கு நிறுத்தியவர் எல்லோரும் அந்த விசாரணை அறைக்கு வெளியே பத்திரமாக இருக்கிறார்கள்.

பிரசவ வார்டுக்குள் போய்ப் பார்ப்போம். நள்ளிரவு தாண்டிய நேரம். ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்த கர்ப்பிணியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். உடனே போட வேண்டியது மக்னீசியம் சல்பேட். வார்டில் ‘மேக்சல்ஃப்’ என்பார்கள். நம் ஊரில் பரவலாகக் கிடைப்பது 2 மில்லி ஆம்பூல், 50 சதவீதக் கரைசல், ஒன்றில் 1 கிராம் மருந்து. முதல் தவணை 14 கிராம். ஆக, வலிப்பில் துடிக்கும் பெண்ணின் கட்டிலருகே நின்று 14 ஆம்பூல்களை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். நான்கை உடைத்து 8 மில்லி எடுத்து, அதோடு 12 மில்லி கலந்து, 20 மில்லியாக்கிச் சிரை வழியாக மெதுவாகச் செலுத்த வேண்டும். மீதிப் பத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்து இரண்டு புட்டத்திலும் ஆழமாகப் போட வேண்டும். அதன் பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் முழங்காலைத் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் கீழே போகாமல் இருக்கிறதா, சிறுநீர் போதுமான அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மருந்து மிஞ்சினால் மூச்சே நின்றுபோகும். அப்போது கொடுக்க வேண்டிய கால்சியம் குளூக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த கட்டிலில் இன்னொரு பெண்ணுக்கு வலி கூட்ட ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்ஃப்யூஷன் பம்ப் இல்லாத இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணித்தான் வேகம் வைக்கிறார்கள். வேகம் கூடினால் கருப்பை விடாமல் இறுகி, வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் பிராணவாயு குறையும். முன்பு சிசேரியன் ஆனவர் என்றால் பழைய தழும்பே கிழியலாம். பிரசவத்துக்கு முன்னால் இப்படிச் சொட்டுச் சொட்டாகப் போக வேண்டிய அதே மருந்தைக் குழந்தை பிறந்ததும் 10 யூனிட்டாகத் தசையில் ஒரேயடியாகப் போட வேண்டும். இதையெல்லாம் பல தாலுகா மருத்துவமனைகளில் இரவில் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். இடையில் போன் அடிக்கும். உதவியாளர் அழைப்பார். மூன்றாவது கட்டிலில் குழந்தையின் தலை தெரிகிறது என்று குரல் வரும். இந்த நெருக்கடியில் தவறு நடப்பதைவிட, நடக்காமல் இத்தனை ஆயிரம் பிரசவங்கள் முடிவதுதான் வியப்பு.

தவறு எங்கே நடக்கும் என்பதும் புதிர் அல்ல. பிறந்த குழந்தைக்குப் போட வேண்டிய வைட்டமின் கே ஊசிக்குப் பதிலாக, தாயின் ரத்தப்போக்கை நிறுத்த வைத்திருந்த எர்கோமெட்ரின் வகை ஊசி போடப்பட்டுக் குழந்தைக்கு வலிப்பும் மூச்சுத்திணறலும் வந்த சம்பவங்கள் பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் பல பத்தாண்டுகளாகப் பதிவாகிவருகின்றன. தாய்க்கான மருந்தையும் சேய்க்கான மருந்தையும் ஒரே ட்ரேயில் வைத்தால் இதுதான் நடக்கும். சிசேரியனுக்காக முதுகில் போட வேண்டிய மயக்க மருந்துக்குப் பதிலாக, ரத்தப்போக்கைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் தவறுதலாகத் தண்டுவடத்துக்குள் போய்விடும் ஆபத்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் எச்சரிக்கை வெளியிட்டது. அப்படி நடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள் என்றும், இரண்டு ஆம்பூல்களும் தோற்றத்தில் ஒத்திருப்பதே முக்கியக் காரணம் என்றும் அது சொன்னது. இரண்டையும் தனித்தனி இடத்தில் வைக்கும்படியும் அறிவுறுத்தியது. அந்த அறிவுறுத்தல் நம் பிரசவ அரங்குகளின் அலமாரிகள் வரை வந்து சேர்ந்ததா? ஒவ்வொரு மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் இன்றே எழுந்து போய்த் தன் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லட்டும்.

இங்கே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை நேரடியாகவே கேட்க வேண்டியிருக்கிறது. 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித்தரும் இந்தக் கழகம் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயர் வாங்கியது. அந்தப் பெயர் நியாயமானதும்கூட. மாநிலம் முழுவதுக்கும் மொத்தமாக வாங்குகிற ஒரு நிறுவனம், தன் சின்னம் அட்டையில் எங்கே வர வேண்டும் என்றுகூட டெண்டரில் எழுதுகிறது. ஆபத்து மிகுந்த மருந்தின் பெயர் ஆம்பூலில் பெரிய எழுத்தில், தனி நிறப் பட்டையோடு, எண்ணெயோ ஈரமோ பட்டாலும் அழியாதபடி அச்சிடப்பட வேண்டும் என்று எழுத அதற்கு என்ன தடை? விலை குறைந்த டெண்டருக்கு ஆர்டர் போகிறது, சப்ளையர் மாறுகிறார், நேற்று வரை ஒரு நிறத்தில் வந்த ஆம்பூல் இன்று வேறு நிறத்தில் வருகிறது. கையும் கண்ணும் பழகிய நிறத்தைத் தேடும் என்பது ஒரு நாளாவது வார்டில் நின்றவருக்குத் தெரியும். கொள்முதல் மேசையில் மிச்சமாகும் காசுக்காகப் பிரசவ வார்டில் ஆபத்தைக் கூட்டுவதை ஏற்க முடியாது.

பொட்டாசியம் குளோரைடு விஷயத்தில் சாக்குச் சொல்லவே இடமில்லை. அடர்த்தியான இந்தக் கரைசலை நீர்க்கச் செய்யாமல் சிரையில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பிரிட்டனில் நோயாளிப் பாதுகாப்புக்கென அமைக்கப்பட்ட அரசு முகமை 2002-இல் வெளியிட்ட முதல் எச்சரிக்கையே இதைப் பற்றித்தான். பொது வார்டுகளிலிருந்து இதை அகற்றுங்கள், பூட்டி வையுங்கள் என்றது அது. 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் அடர்த்தியான உப்புக் கரைசல்களைக் கட்டுப்படுத்தச் சொன்னது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலும் பொட்டாசியம் ஆம்பூலும் ஒரே ட்ரேயில் உருளும் வார்டு ஒன்று இருந்தால்கூட அது செவிலியரின் அலட்சியம் அல்ல, நிர்வாகத்தின் குற்றம்.

ஆள் பற்றாக்குறையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. போதனா மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. எந்த அரசு வார்டிலும் போய்க் கட்டில்களையும் செவிலியர்களையும் எண்ணிப் பாருங்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் உட்கார்ந்து போராடியபோது அவர்களின் மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். கொரோனாக் காலத்தில் அழைத்து வேலைக்கு வைத்தவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தத்தை 2022 டிசம்பர் 31-உடன் முடித்து அனுப்பியது அரசு. நிலையான வேலையும் இல்லாமல், இரண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிற ஒருவர், “டாக்டர், நீங்கள் சொன்ன அளவு சரியா என்று சந்தேகமாக இருக்கிறது” என்று நடு இரவில் போனில் கேட்பாரா? கேட்டால் என்ன பதில் கிடைக்கிறது என்பதையும் மருத்துவர்கள் மனசாட்சியோடு சொல்லட்டும். வாய்மொழி உத்தரவைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் ஆமோதிக்க வேண்டும், பிறகு கேஸ் ஷீட்டில் கையொப்பமிட வேண்டும். தொலைபேசியை வைத்ததும் மறந்துவிட்டு, பிரச்சினை வந்ததும் “நான் அப்படிச் சொல்லவில்லை” என்கிற மருத்துவர்களும் இந்தக் கண்டனத்துக்கு உரியவர்கள்.

செவிலியர்களிடம் சொல்லவும் ஒன்று உண்டு. வேலை சுருங்கும் என்று ஷிப்டு ஆரம்பத்திலேயே சிரிஞ்சுகளில் மருந்தை ஏற்றி, பெயர் ஒட்டாமல் ட்ரேயில் வரிசையாக வைக்கிற பழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது. நிறமற்ற மருந்து ஏற்றிய பெயரில்லாத சிரிஞ்சில் என்ன இருக்கிறது என்று ஏற்றியவருக்கே அரை மணி கழித்து நிச்சயம் கிடையாது. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இது கூடாது. இதைச் செய்யாதீர்கள், செய்யச் சொல்லும் மூத்தவர்களிடமும் மறுத்துவிடுங்கள். ஆனால் பெயர் ஒட்ட லேபிள் கொடுக்காத நிர்வாகம் முதலில் அதைக் கொடுத்துவிட்டு அறிவுரை சொல்லட்டும்.

தண்டனையால் பிழை குறையுமா என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. 2017 டிசம்பரில் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், 75 வயதுப் பெண்ணுக்கு மனப்பதற்றத்தைக் குறைக்கும் வெர்செட் மருந்துக்குப் பதிலாக, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்குரோனியத்தைக் கொடுத்துவிட்டார் ரடோண்டா வாட் என்ற செவிலியர். மருந்து இயந்திரத்தில் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டியபோது வந்த பெயரை எடுத்துவிட்டார். குப்பியில் இருந்த எச்சரிக்கையையும் கவனிக்கவில்லை. பெரிய தவறுதான். அவர் அதை உடனே ஒப்புக்கொண்டார். மருத்துவமனையோ அந்த மரணத்தில் மருந்துப் பிழை இருந்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. பெயர் சொல்லாத ஒருவர் புகார் கொடுத்த பிறகே விஷயம் வெளியே வந்தது. 2022-இல் குற்றவாளிக் கூண்டில் நின்றது செவிலியர் மட்டும்தான். உண்மையைச் சொன்னால் சிறை என்று அந்நாட்டுச் செவிலியர்கள் அஞ்சியதும், சொல்லப்படாத பிழை திருத்தப்படாத பிழை என்று நோயாளிப் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரித்ததும் அந்த வழக்கை ஒட்டித்தான்.

நம் சட்டம் இன்னும் மோசம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. சிகிச்சையின்போது பதிவு பெற்ற மருத்துவர் அதைச் செய்திருந்தால் இரண்டு ஆண்டுகள் வரை. மருத்துவர் என்றால் யார் என்ற விளக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி பதிவு செய்தவர் மட்டுமே வருகிறார், செவிலியர் வரவில்லை. ஒரே கட்டிலருகே, ஒரே பிழையில், அளவைத் தவறாகச் சொன்னவருக்கு இரண்டு ஆண்டு, அதைப் போட்டவருக்கு ஐந்து ஆண்டு என்று எழுதிவைத்திருக்கிறோம். இந்த அநீதியை நாடாளுமன்றம் திருத்தியாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்றிருக்கும் எம்.பி.க்களில் ஒருவராவது இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறோம்.

மாநில அரசு செய்ய வேண்டியவற்றுக்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. ஒரு அரசாணை போதும். பொது வார்டுகளிலிருந்து அடர் பொட்டாசியம் போக வேண்டும். தாய்க்கும் குழந்தைக்கும் தனித்தனி ட்ரே வர வேண்டும். ஆபத்து மிகுந்த மருந்தை இரண்டாவது ஆள் சரிபார்க்காமல் போடக் கூடாது என்றால், அந்த இரண்டாவது ஆள் இரவிலும் இருக்க வேண்டும். மருந்தாளுநர் டிஸ்பென்சரி ஜன்னலோடு நிற்காமல் வார்டுக்கு வர வேண்டும். பிழையையும், பிழை நடக்க இருந்து தப்பியதையும் பெயர் சொல்லாமல் தெரிவிக்க ஒரு வழி வேண்டும். அப்படித் தெரிவித்தவர்மேல் 17 பி பாயாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கும் உரிமம் புதுப்பிக்கும்போது இதே நிபந்தனைகள் பொருந்த வேண்டும்.

இவற்றில் எது எந்த மருத்துவமனையில் நடந்தது, எது நடக்கவில்லை, நடக்காததற்கு யார் பொறுப்பு என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மாவட்ட வாரியாகப் பட்டியல் எடுத்துச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஆறு மாதம் போதும். அதுவரை ஊசி மாறியதற்காகச் செவிலியர் ஒருவரை மட்டும் சஸ்பெண்டு செய்யும் ஒவ்வொரு உத்தரவிலும், அந்த வார்டின் மருந்து அலமாரிக்குப் பொறுப்பான அதிகாரியின் பெயரும் எழுதப்பட வேண்டும்.