ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல!



நேற்று மிஞ்சிய காய்தான் இன்றைக்குக் கூட்டாக வருகிறதோ என்ற சந்தேகம் ஹாஸ்டலில் சாப்பிடுகிற எல்லோருக்கும் உண்டு. ஹெவெசி என்ற ஹங்கேரி விஞ்ஞானிக்கும் அந்தச் சந்தேகம் வந்ததாம், 1911-இல் மான்செஸ்டரில் வாடகைக்குத் தங்கியிருந்தபோது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தட்டில் வைத்த மிச்சத்தில் துளி கதிரியக்கப் பொருளைக் கலந்துவிட்டார். பிறகு பரிமாறிய பலகாரத்தின் பக்கத்தில் கருவியைக் கொண்டுபோனால்... கருவி காட்டிக்கொடுத்துவிட்டது! ஒரு பொருள் எங்கே போகிறது என்பதைக் கதிரியக்கத்தை வைத்துப் பின்தொடரும் இந்த முறைக்காகத்தான் 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. (நம்ம மெஸ்ஸில் யாரும் முயற்சி பண்ண வேண்டாம்.)

அதே உளவு வேலையை மனித உடம்புக்குள் செய்வதுதான் பெட் ஸ்கேன். "அது கேன்சருக்கு எடுக்கிற ஸ்கேனாச்சே!" என்பீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் ஒரு குடும்பம் பட்ட பாட்டைப் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பென்னாகரம் பக்கம் இருக்கும் என் மாமாவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், ஆள் பாதியாக இளைத்துவிட்டார். வெளியூரில் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் கழுத்திலும் மார்பிலும் நெறிகள் பளிச் பளிச்சென்று ஒளிர்ந்தன. கூட வந்த ஒருவர், "முடிஞ்சுபோச்சு, கேன்சர்தான்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அத்தை அடுப்பே பற்ற வைக்கவில்லை. இருக்கிற ஒன்றரை ஏக்கரை விற்கவும் பேச்சு ஆரம்பித்தது. டாக்டர் மட்டும், "கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்காம எதையும் சொல்ல முடியாதுங்க" என்றார். பயாப்சி முடிவு வந்தது. காசநோய்! ஆறு மாதம் மாத்திரை. மாமா இப்போது காட்டில் மரவள்ளி போடுகிறார்.

அப்படியானால் படம் பொய் சொன்னதா? இல்லவே இல்லை. படிக்கத் தெரியாதவர் படித்தார், அவ்வளவுதான்.

ஊசியில் ஏற்றுவது ஒருவகைச் சர்க்கரை. பாலக்கோடு பசங்களுக்குச் சர்க்கரை புதிதல்ல, ஆனால் இதன் மேல் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டியிருக்கும். பசியெடுத்த செல் இதை நிஜச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கும். பாதி வழி ஜீரணித்து, மேலே போக முடியாமல் செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த அணு வெளிவிடும் பாசிட்ரான் ஓர் எலெக்ட்ரானை மோதி இரண்டுமே அழியும். அப்போது இரண்டு காமாக் கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் பாயும். சுற்றிலும் வளையமாக இருக்கும் டிடெக்டர்களில் எதிரெதிரே இரண்டு ஒரே நேரத்தில் துடித்தால், மூலம் அந்தக் கோட்டின் மேல்தான் என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். லேபில் நாம் போட்டுப் பார்த்த 'ஆண்ட் கேட்' தத்துவம்தான்!

சர்க்கரைக்கு அலைவது புற்றுச் செல் மட்டுமா? கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்களும் அகோரப் பசிக்காரர்கள். அழற்சி உள்ள இடமெல்லாம் ஒளிரும். நல்ல மூளையும் ஒளிரும். ஊசி போட்ட பிறகு எதையாவது மென்றுகொண்டே இருந்தால் தாடைத் தசைகூட ஒளிரும்! ஆக, இந்தப் படம் 'இங்கே அடுப்பு எரிகிறது' என்று சொல்லும். அடுப்பில் என்ன வேகிறது என்று சொல்லாது.

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். அப்படிப்பட்ட நாட்டில் ஒளிர்ந்த இடத்தையெல்லாம் புற்று என்று முடிவு கட்டலாமா? இதையே ஒரு பலமாகவும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மருந்து வேலை செய்தால் ஒளி மங்குவது தெரியும். தென்னாப்பிரிக்காவில் செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாத மருந்து முடிந்து சளியில் கிருமி இல்லை என்று ஆன பலருக்கும் நுரையீரல் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் இந்தக் கனல் தெரியாது.

ஆனால் இன்னொரு தடவை ஸ்கேன் என்றால் நம்ம ஜனங்களுக்கு நடக்கிற காரியமா? செலவு ஒரு பக்கம். மறுபக்கம் அரை ஆயுள். ஃப்ளோரின்-18 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். சென்னையில் 8 பங்கு ஏற்றிய வண்டி ஐந்தரை மணி நேரத்தில் தருமபுரி வந்து சேர்ந்தால் கையில் இருப்பது 1 பங்கு. (ஊசி போட்டவரைக் கண்டு பயப்படுகிறவர்களும் இதைக் கவனிக்க. ஒரு நாள் கழிந்தால் எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.) 2002-இல் மும்பை பரேலில் நாட்டின் முதல் பெட் ஸ்கேனரை வைத்தபோது, இந்த அணுவைத் தயாரிக்கும் மருத்துவ சைக்ளோட்ரானையும் அங்கேயே வைத்ததற்குக் காரணம் இந்த அவசரம்தான்.

ஆகவே ஒரே ஒரு ஸ்கேனோடு, இங்கிலீஷ் ரிப்போர்ட்டோடு பஸ் ஏறி வருகிறவர்கள்தான் நம்மூரில் அதிகம். அந்த உறையைப் பிரித்துப் படிக்கச் சொல்லி அவர்கள் நீட்டுவது யாரிடம்? டிப்ளமா படிக்கிற நம்மிடம்! மாமா வீட்டில் என்னிடம்தான் நீட்டினார்கள். எனக்கும் அன்று ஒன்றும் தெரியவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஸ்கேன் சென்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டோடு தமிழில் அரைப் பக்கம் வையுங்கள். 'ஒளிரும் இடம் என்றால் செல்கள் அதிகச் சர்க்கரை எடுக்கின்றன என்று பொருள். அது புற்றா, கிருமியா, வேறு அழற்சியா என்பதை டாக்டர் மேல்சோதனை செய்து சொல்வார்.' இவ்வளவு போதும். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் போட்டால்கூட இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகாது.